மீன் நோயும் மருந்துப் பொட்டலமும்

கிரிவலப் பாதையிலே அடி அண்ணாமலையைக் கடந்து செல்வோர், மழை நன்கு பெய்த வருஷங்களில் அக்கம்பக்கத்து நீர்நிலைகள் நிறைந்திருப்பதைக் கண்டு மகிழ்வார்கள். ஆனால், இத்தகைய மானாவாரி ஏரி குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டுப் பிழைக்கும் குடியானவனுக்கோ அம்மகிழ்ச்சி பங்குனி வரையில்தான். வெயில் ஏறுகிறது, நீர் வற்றுகிறது, மீன்கள் நெருங்குகின்றன, அடியிற் படிந்த கழிவு அழுகிப் பிராணவாயு குன்றுகிறது. சாதாரண காலத்தில் நீரில் வாளாவிருந்த ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்னும் பாக்டீரியா அப்பொழுது மீனைப் பற்றிக்கொள்கிறது. உடலெங்கும் செம்புள்ளி, பிறகு புண். வயிற்றில் நீர் கோத்து வீக்கம். செதில்கள் நிமிர்ந்து நிற்கும். சில தினங்களில் வெள்ளை வயிறு மேலே தெரிய மீன்கள் மிதக்கின்றன.

கடன் வாங்கிக் குஞ்சு விட்டவன் என் செய்வான்? தீவனக் கடைக்காரர் கொடுக்கும் ஆண்டிபயாடிக் பொட்டலத்தை வாங்கி, தீவனத்திற் கலந்து கொட்டுகிறான். நோய் இன்னதென்று சோதித்தவர் எவருமில்லை. சாட்சி விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கும் நியாயஸ்தலத்தை நாம் ஒப்புவோமா? நோயுற்ற மீன் பெரும்பாலும் இரை எடுப்பதுமில்லை. மருந்து சேற்றிலே தங்கி, அங்குள்ள கிருமிகளுக்கு அதை எதிர்க்கும் வலிமையைப் பழக்கிவிடுகிறது. அவ்வலிமை மனிதரைத் தாக்கும் கிருமிகளுக்கும் தொற்றக்கூடியது.

இவ்விஷயத்தில் நார்வே தேசத்தாரின் அநுபவம் நமக்குப் பாடமாகும். அவர்கள் கடலில் வலைக்கூண்டு கட்டிச் சால்மன் மீன் வளர்ப்பவர்கள். 1985-ல் ஸ்காத்லாந்திலிருந்து தருவித்த குஞ்சுகளோடு பியூரங்குலோசிஸ் என்னும் கட்டிநோயும் வந்து சேர்ந்தது. அதன் கிருமி, நம் கெண்டை இனங்களை வதைக்கும் ஏரோமோனாஸுக்கு ஒரே குலத்துப் பங்காளி. 1987-ல் அந்நாட்டு மீன்களுக்கு இட்ட ஆண்டிபயாடிக் சுமார் 48 டன்! பின்னர் ஒவ்வொரு குஞ்சின் வயிற்றிலும் தடுப்பு மருந்தை ஊசியால் ஏற்றத் தொடங்கினர். இன்று அன்றையினும் பன்மடங்கு மீன் விளைகிறது. ஆண்டிபயாடிக்கோ வருஷத்திற்கு ஒரு டன்னுக்கும் குறைவு. சிலி தேசத்தின் கதை வேறு. அங்குள்ள பிஸ்ஸிரிக்கெட்ஸியா என்னும் கிருமி உயிரணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதால் தடுப்பூசி போதிய பலன் தரவில்லை. 2023-ல் அவர்கள் செலவிட்ட மருந்து 300 டன்னுக்கு மேல்.

நம் குடியானவன் ஒவ்வொரு கட்லாவுக்கும் ஊசி குத்த இயலாது. அதை நாமும் கேட்கவில்லை. குளத்தின் அளவுக்கு ஏற்பக் குஞ்சு விடுதல், சேற்றை வாருதல், சுண்ணாம்பிடுதல், கோடையில் மீனைப் பகுதி பகுதியாகப் பிடித்து நெரிசல் குறைத்தல் ஆகியவை அவன் கைக்கு எட்டியவை. நோய் கண்டபின் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டுமே!

2016-ல் ஐரோப்பிய யூனியன், நம் பண்ணை இறால் சரக்கில் நூற்றுக்கு 10 வீதம் சோதித்து வந்ததை 50 ஆக உயர்த்திற்று. உடனே வியாபாரிகளும் சர்க்காரும் விழித்துக்கொண்டனர். அந்நியர் தட்டில் விழும் இறாலுக்கு இத்தனை காவல்; நம் சந்தையில் நம் ஏழைகள் வாங்கும் கெண்டைக்கு எவ்வளவு? 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன்நோய்ப் பரிசோதனைச் சாலைகளுக்கும் நடமாடும் சோதனை வண்டிகளுக்கும் பணம் உண்டு. அவ்வண்டிகளில் எத்தனை திருவண்ணாமலை ஜில்லாவின் ஏரிக்கரைகளுக்கு வந்தன என்பதை நம் பிரதிநிதிகள் சட்டசபையில் கேட்டு, ஊர் ஊராக வந்து சொல்வார்களாக.