கிணற்று நீரும் அளவுக் கணக்கும்

சில காலத்துக்கு முன் ஒரு தாய் இரண்டு கடதாசிகளோடு என்னிடம் வந்தார். பல ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டுத் தீவகத்திலுள்ள தமது காணிக்குத் திரும்பிய குடும்பம் அது. இரண்டு கடதாசியும் ஒரே கிணற்று நீரைப் பரிசோதித்த அறிக்கைகள். வெவ்வேறு இடங்களில் பரிசோதித்தவை.

"சுவாமி, முந்தி 53 எண்டு வந்தது. இப்ப 12 எண்டு வந்திருக்கு. தண்ணி திருந்திட்டுது போல. இனிப் பேரப்பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாமோ?" என்று கேட்டார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் "நைத்திரேற்று, லீற்றருக்கு 53 மில்லிகிராம்" என்றிருந்தது. இரண்டாவதில் "நைத்திரேற்று-நைதரசன், லீற்றருக்கு 12 மில்லிகிராம்" என்றிருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தண்ணீர் திருந்தவில்லை, எழுதிய முறைதான் மாறியிருந்தது. எண்ணை மட்டும் பார்த்து அலகைப் பாராமல் விட்டிருந்தால், அந்தக் குழந்தையின் பால் போத்தலுக்குள் அதே நீர் போயிருக்கும்.

ஆகவே இம்முறை அளவைகளைப் பற்றியும், ஓர் அளவை இன்னோர் அளவாக மாற்றும் விதத்தைப் பற்றியும் பார்ப்போம். பிள்ளைகள் இரசாயனவியல் பாடத்தின் தொடக்கத்தில் படிப்பதும் இதுவே. கிணறும் தோட்டமும் வைத்திருப்பவர்களுக்கு இது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடம் அல்ல.

நம் கையிலுள்ள அளவைகள்

இலங்கை 1970களில் மெற்றிக் முறைக்கு மாறியது. ஆனால் காணியைப் பரப்பிலும், கிணற்றை அடியிலும், வெங்காயத்தை அந்தரிலும் சொல்லும் வழக்கம் போகவில்லை. அதில் தவறில்லை. இரண்டையும் இணைக்கத் தெரிந்திருந்தால் போதும்.

1 அடி = 30.48 சென்ரிமீற்றர்.
1 கலன் = 4.55 லீற்றர். (அமெரிக்கக் கலன் சிறியது: 3.79 லீற்றர். வெளிநாட்டுத் தாங்கி, இயந்திரங்களில் இதைக் கவனிக்க வேண்டும்.)
1 அந்தர் = 112 இறாத்தல் = 50.8 கிலோகிராம்.
1 பரப்பு = 10 பேர்ச் = ஏறக்குறைய 253 சதுர மீற்றர்.
16 பரப்பு = 1 ஏக்கர். 39.5 பரப்பு = 1 ஹெக்டேயர்.

அலகை மறப்பது படித்தவர்களுக்கும் நேர்வதுண்டு. 1983இல் கனடாவில் ஒரு பயணிகள் விமானத்துக்கு எரிபொருள் நிரப்பியபோது கிலோகிராமுக்குப் பதிலாக இறாத்தலில் கணக்கிட்டுவிட்டார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் புறப்பட்டது. நடுவானில் இயந்திரங்கள் நின்றுபோயின. விமானியின் திறமையால் கிம்லி என்ற இடத்திலிருந்த பழைய ஓடுபாதையில் இறக்கப்பட்டு, அனைவரும் உயிர் தப்பினர். கூட்டல், பெருக்கலில் பிழை இல்லை, அலகில்தான் பிழை.

கிணற்றில் எவ்வளவு நீர்?

1990-91இல் ஊர்காவற்றுறை, வேலணை, மண்டைதீவுப் பகுதிகளிலிருந்து வெளியேறியவர்கள் திரும்பி வந்தபோது, பற்றை மூடிய கிணறுகளையே முதலில் கண்டார்கள். இப்படிப்பட்ட கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியபின் குளோரீன் இட வேண்டும். எவ்வளவு இடுவது என்பது எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வட்டக் கிணற்றுக்கு ஓர் எளிய வழி உண்டு. விட்டத்தை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். வருவதை நீரின் ஆழத்தால் (அதுவும் அடியில்) பெருக்குங்கள். பின் 22ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். ஒரு கன அடியில் 28.3 லீற்றர் அடங்கும்; வட்டம் சதுரத்தில் 0.785 பங்கு. இவ்விரண்டையும் பெருக்கியே 22ஐப் பெற்றோம்.

உதாரணமாக, விட்டம் 10 அடி, நீர் 6 அடி என்றால்: 10 × 10 × 6 × 22 = 13,200 லீற்றர்.

துப்புரவாக்கிய கிணற்றுக்கு லீற்றருக்கு 20 மில்லிகிராம் குளோரீன் இடும்படி சொல்லப்பட்டதாக வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்பதும் 1,000 லீற்றருக்கு 1 கிராம் என்பதும் ஒன்றே. ஆகவே 13.2 × 20 = 264 கிராம் குளோரீன் வேண்டும்.

ஆனால் நமக்குக் கிடைப்பது தனிக் குளோரீன் அல்ல, வெளிற்றும் தூள். தூளில் 30 வீதம் குளோரீன் இருந்தால் 264 ÷ 0.30 = 880 கிராம் தூள் தேவை. 65 வீதமுள்ள தூளென்றால் 264 ÷ 0.65 = 406 கிராம் போதும். பக்கத்து வீட்டார் போட்ட அளவை அப்படியே போட்டால், தூள் வேறாக இருந்தால் அளவு இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடும். நீரைக் கலனில் கணக்கிட்டு அதை லீற்றர் என்று எண்ணினால், நாலரை மடங்கு குறைந்து கிருமி சாகாது.

உங்கள் கிணற்றுக்குரிய அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, தூளை வாளி நீரில் கரைத்து, அடைய விட்டு, தெளிந்த நீரைக் கிணற்றில் ஊற்றுங்கள். ஒரு நாள் விட்டு, மணம் போகும்வரை இறையுங்கள். குடிக்கும்போது எஞ்சியிருக்கும் குளோரீன் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராமாக இருப்பது நல்லது. ஒன்றை மறவாதீர்கள்: தீவுகளில் மழையால் சேர்ந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. இயந்திரம் போட்டு மிதமிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும்.

53ம் 12ம் ஒன்றானது எப்படி?

நைத்திரேற்று என்பது ஒரு நைதரசன் அணுவும் மூன்று ஒட்சிசன் அணுக்களும் சேர்ந்தது. நைதரசனின் அணுத்திணிவு 14, ஒட்சிசனுடையது 16. எனவே முழுத் திணிவு 14 + 48 = 62. சில அறிக்கைகள் முழு நைத்திரேற்றின் எடையைத் தருகின்றன. சில அதிலுள்ள நைதரசனின் எடையை மட்டும் தருகின்றன. நெல்லை உமியோடு நிறுப்பதற்கும் அரிசியை மட்டும் நிறுப்பதற்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது.

12 × 62 ÷ 14 = 53.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை, நைத்திரேற்றாகச் சொன்னால் லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரசனாகச் சொன்னால் 11. இரண்டு அறிக்கைகளும் எல்லைக்குச் சற்று மேலேதான் நின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட, போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவும் செய்யும். எனவே அந்தத் தாயிடம், குழந்தைக்கு வேறு நல்ல நீரைப் பாவிக்கும்படி சொன்னேன். தாய்ப்பால் கொடுக்கக்கூடியவர்கள் அதையே கொடுப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

பசளைப் பையிலிருந்து கிணற்றுக்கு

நைத்திரேற்று மலக்குழியிலிருந்தும் மாட்டுப் பட்டியிலிருந்தும் வரும். தோட்டத்துப் பசளையிலிருந்தும் வரும். இங்கேயும் அலகு நம்மை ஏமாற்றக்கூடும்.

ஹெக்டேயருக்கு 100 கிலோ யூரியா என்று எழுதியிருக்கிறது. உங்களிடம் 4 பரப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். 100 ÷ 39.5 × 4 = ஏறக்குறைய 10 கிலோ போதும். ஹெக்டேயரை ஏக்கர் என்று எண்ணினால் 100 ÷ 16 × 4 = 25 கிலோ போட்டுவிடுவீர்கள். 15 கிலோ வீண் செலவு.

பணத்தோடு அது முடிவதில்லை. யூரியாவில் நைதரசன் 46 வீதம். 15 கிலோவில் 6.9 கிலோ. அது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் 6.9 × 62 ÷ 14, அதாவது 30 கிலோவுக்கு மேல். மேலே சொன்ன எல்லைக்கு 1,000 லீற்றர் நீரைக் கொண்டுவர 50 கிராம் போதும். 30 கிலோ 6 இலட்சம் லீற்றரை, அதாவது நாம் கணக்கிட்ட கிணற்றைப் போல 45 கிணறுகளின் நீரை, அந்த எல்லைக்குக் கொண்டுவரும். எல்லாம் கிணற்றைச் சேராது. ஒரு பங்கைப் பயிர் எடுக்கும், ஒரு பங்கு காற்றோடு போகும். ஆனால் நமது மண் ஆழமற்றது, கீழே வெடிப்புள்ள சுண்ணக்கல். மிஞ்சியதில் சிறு பங்கு இறங்கினாலும் போதும்.

மனத்தில் வைக்க வேண்டியவை மூன்று. எந்த எண்ணையும் அலகில்லாமல் எழுதவோ ஏற்கவோ வேண்டாம். இரண்டு எண்களை ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். எதன் எடை என்று கேளுங்கள்: தூளா, குளோரீனா? நைத்திரேற்றா, நைதரசனா?

இன்று மாலை பிள்ளைகளோடு கயிறும் அடிமட்டமும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள். விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்து, எத்தனை லீற்றர் என்று அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். வந்த விடையைத் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மாரியிலும் கோடையிலும் மறுபடி அளந்தால், உங்கள் கிணற்றை நீங்களே அறிந்துகொள்வீர்கள்.