தோட்டா ரீலோடிங் கிட் வாங்கலாமா? முதல்ல கணக்கைப் பாருங்க

போன வீடியோவுக்குக் கீழ பொன்னேரியில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பழவேற்காடு பக்கம் மீனவக் குடும்பம், இப்போ கம்பெனி வேலை. வார இறுதியில சென்னையில ஒரு கிளப்புல ஏர் ரைபிள் சுடப் பழகுறார். அடுத்து பெரிய துப்பாக்கிக்குப் போகணும்னு ஆசை. "அமெரிக்காவுல சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டை எடுத்து, வீட்டுலயே மருந்து நிரப்பிக்கிறாங்க. எங்கப்பா வலை கிழிஞ்சா தானே பொத்துவார். அதே மாதிரி நானும் மிச்சம் பிடிக்கலாமே? குறைஞ்ச பட்ஜெட்ல எந்த கிட் நல்லது?"

கேள்வியில தப்பு இல்ல. ஆனா வலைக்கு லைசென்ஸ் வேண்டாம். 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சபட்ச தண்டனையே 7 வருஷம். எந்த கிட்டும் வேண்டாம் தம்பி.

சட்டத்தை விடுங்க, கணக்கும் உதைக்குது. பிரஸ், டை, தராசு எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய், ஒரு தோட்டாவுக்கு 20 ரூபாய் மிச்சம்னு வெச்சுக்குவோம். போட்ட காசு திரும்ப 2,000 தோட்டா சுடணும். நம்ம ஊர்ல துப்பாக்கி லைசென்ஸ்லயே எத்தனை தோட்டா வாங்கலாம்னு வரம்பு உண்டு. நிறைய சுடுறவங்களுக்குத்தான் இந்த மிச்சம். (அவங்களும் மலிவா கிடைக்குதேன்னு இன்னும் அதிகமாத்தான் சுடுவாங்க!)

இதே கணக்கை ஏர் ரைபிளுக்குப் போடுங்க. அங்கதான் உங்க பணம் நிஜமா போகப்போகுது. கிளப் ரைபிளுக்கு ஒரு நாள் வாடகை 150 ரூபாய், பழைய ரைபிள் 75,000 ரூபாய்னு வெச்சா, 500 நாள் சுட்டாத்தான் சமன். சனி, ஞாயிறு தவறாம போனாலும் வருஷத்துக்கு 104 நாள். கிட்டத்தட்ட அஞ்சு வருஷம்! பொன்னேரியில இருந்து லோக்கல் ட்ரெயின் பிடிச்சு அத்தனை வாரமும் போவீங்களா? உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், பலரும் ஏமாறுறது இங்கதான். காற்றை அடைச்சு வைக்கிற சிலிண்டர்ல தயாரிப்புத் தேதி போட்டிருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் 10 வருஷம்தான் ஆயுள் தர்றாங்க. போட்டியில இந்தத் தேதியைப் பார்ப்பாங்க. ஆறு வருஷம் பழைய சிலிண்டர்னா மிச்சம் நாலு வருஷம். உங்களுக்கு சமன் ஆகவே அஞ்சு வருஷம். அப்போ புது சிலிண்டர் விலையைக் கழிச்சுக்கிட்டுத்தான் பேரம் பேசணும்.

முதல் ஆறு மாசம் வாடகை ரைபிள் போதும். கையுறையும் பெல்லட்டும் மட்டும் சொந்தமா வாங்குங்க. போட்டியில 60 ஷாட், பயிற்சியிலயும் அவ்வளவுன்னா 500 பெல்லட் டப்பா எட்டு நாள் வரும். ஜாக்கெட் உடம்புக்கு அளவா இருக்கணும், அதனால செகண்ட் ஹேண்ட் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்காம வாங்காதீங்க. ஈஎம்ஐல ரைபிள் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், சொந்தமா வாங்கினாலும் ஏரிக்கரைப் பறவை மேல குறி பார்த்துடாதீங்க. அது 1972 வனவிலங்குச் சட்டத்துல தனி வழக்கு.