சாவி திரும்பியது, மகிழுந்து கிளம்பவில்லை

மலாக்கா மாநிலம் ஜாசின் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டி என் மாமாவின் வீடு இருக்கிறது. அத்தைக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டதால் வாரத்திற்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காகப் பட்டணத்திற்குப் போகவேண்டும். காலை ஆறரை மணிக்கு அங்கே இருக்கவேண்டும். ஒரு தடவை தவறினாலும் உடலில் நீரும் கழிவும் சேர்ந்து மூச்சுத் திணறல் வரை போய்விடலாம். அந்த நேரத்தில் தோட்டத்துச் சாலையில் பேருந்து கிடையாது. இருபது ஆண்டு பழமையான மாமாவின் மகிழுந்துதான் ஒரே வழி.

பள்ளி விடுமுறையில் நான் அங்கே தங்கியிருந்த ஒரு நாள் அந்த மகிழுந்து கிளம்பவில்லை. மாமா சாவியைத் திருப்பினார். இயந்திரம் வேகமாகச் சுழன்றது, ஒரு விநாடி பற்றிக்கொண்டது, உடனே அணைந்தது. மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே கதைதான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். “பேட்டரி வீக்கா இருக்கும் அண்ணே,” என்று தம் வண்டியிலிருந்து கம்பி இணைத்துப் பார்த்தார். பயனில்லை. நான்கு பேர் சேர்ந்து தள்ளினோம். அதிலும் பயனில்லை. கடைசியில் அவரே தம் வண்டியில் அத்தையை ஏற்றிக்கொண்டு போனார். பதினைந்து நிமிடத் தாமதத்தோடு அத்தை போய்ச் சேர்ந்தார். ஆனால், மறுநாளைக்கு மறுநாள் மீண்டும் போகவேண்டுமே!

மாமா தொலைபேசியில் விசாரித்த முதல் பட்டறையில், “பெட்ரோல் பம்ப் போயிருக்கும், மாற்றிவிடலாம்,” என்றார்கள். வண்டியைப் பார்க்காமலேயே சொன்ன முடிவு அது. மாமா பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார். நான் எனக்குத் தெரிந்த இன்னொரு ஃபோர்மனை அழைத்தேன். (மகிழுந்து பழுதுபார்ப்பவரை நம் நாட்டில் அப்படித்தானே அழைக்கிறோம்.) அவர் எந்த உதிரிப்பாகத்தின் பெயரையும் சொல்லவில்லை. கேள்விகள்தாம் கேட்டார்.

“இன்ஜின் சுத்துதா, இல்ல ‘டக்’குன்னு சத்தம் மட்டும் வருதா?”

இது மிக முக்கியமான கேள்வி. மின்கலம் வலுவிழந்திருந்தால் இயந்திரத்தைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் கிடைக்காது. சுழற்சி மந்தமாக இருக்கும், அல்லது வெறும் சத்தம் மட்டும் கேட்கும், விளக்குகளும் மங்கும். நன்கு மின்னேற்றம் பெற்ற மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். மாமாவின் இயந்திரமோ வேகமாகவே சுழன்றது. ஆகவே, மின்கலமும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் குற்றவாளிகள் அல்ல. வண்டியைத் தள்ளியதும் அதனால்தான் வீணாயிற்று. தள்ளுவது ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் வேலையை நம் கைகள் செய்வது; அவ்வளவே. பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. இப்படிப்பட்ட காலை வேளைகளில் பெரும்பாலும் மின்கலம்தான் காரணமாக இருக்கும்.

“பத்திக்கிட்டு அணையுதா, இல்ல பத்தவே இல்லையா?”

பற்றிக்கொண்டு ஒரு விநாடியில் அணைந்தது என்றேன். பெட்ரோலும் தீப்பொறியும் தொடக்கத்தில் கிடைக்கின்றன என்பதை இது காட்டுகிறது. பிறகு ஏதோ ஒன்று அவற்றை நிறுத்துகிறது.

“டேஷ்போர்டுல சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு இருக்கும். அது என்ன செய்யுது?”

போய்ப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் அது படபடவென மின்னிக்கொண்டே இருந்தது. மூவருமே அதைக் கவனிக்கவில்லை. “சரி, வண்டிக்கு ஒன்னும் இல்ல. உங்க சாவியை அது அடையாளம் தெரியலைன்னு சொல்லுது,” என்றார் அவர்.

இங்கே கொஞ்சம் நின்று, வண்டி எப்படிச் சாவியை அடையாளம் காண்கிறது என்று பார்ப்போம். 1985ஆம் ஆண்டு நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தபோது, சாவி என்பது பற்கள் வெட்டிய உலோகத் துண்டு மட்டுமே. பூட்டை உடைத்து இரண்டு கம்பிகளைச் சேர்க்கத் தெரிந்த திருடனுக்குச் சாவியே தேவைப்படவில்லை. இதைத் தடுக்க வந்ததுதான் இம்மொபிலைசர் எனப்படும் இயந்திர முடக்கி. 1998ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய மகிழுந்துகளுக்கும், 2001ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் புதிய மகிழுந்துகளுக்கும் இது கட்டாயமாக்கப்பட்டது. நம் சாலைகளில் ஓடும் பழைய மகிழுந்துகள் பலவற்றிலும் இது உண்டு.

இந்த அமைப்பில் சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு சிறு சில்லு இருக்கும். அரிசியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாய் போலவோ, கரிய சிறு கட்டியாகவோ இருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பெரும்பாலான பழைய வண்டிகளில் இதன் அதிர்வெண் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அதே தூண்டலால் சில்லு விழித்துக்கொண்டு தன் அடையாள எண்ணை அனுப்புகிறது. எண் பொருந்தினால் கட்டுப்பாட்டுக் கணினி இயந்திரத்தை ஓடவிடும். பொருந்தாவிட்டால் பெட்ரோலையோ தீப்பொறியையோ நிறுத்திவிடும். சில நிறுவனங்களின் வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டாரே சுழலாது. மாமாவின் வண்டியைப்போல் வேறு சில வண்டிகள் ஒரு விநாடி ஓடி அணையும்.

கவனியுங்கள், சில்லுக்குச் சொந்த மின்கலம் இல்லை. ஆயர் குரோ சுங்கச்சாவடியில் ‘டச் அண்ட் கோ’ அட்டையைத் தொடுகிறோமே, அந்த அட்டைக்கும் மின்கலம் கிடையாது. அதுவும் தூண்டலால் இயங்குவதே. சில்லு பேசக்கூடிய தூரம் சில சென்டிமீட்டர் மட்டுமே. கதவைத் திறக்கும் பொத்தானோ வேறு கதை. அதற்குத் தனி மின்சுற்றும் காசு வடிவச் சிறு மின்கலமும் உண்டு. கதவு திறக்கிறது என்பதால் சாவி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பொத்தானின் மின்கலத்தை மாற்றிவிட்டு, வண்டி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று வியப்பார்கள்.

கடைகளில் பின்னர் பொருத்தப்படும் அலாரம் இதிலிருந்து வேறுபட்டது. அதைப் பொருத்துபவர் பெட்ரோல் பம்புக்கோ ஸ்டார்ட்டருக்கோ போகும் கம்பியை வெட்டி, நடுவில் ஒரு ரிலேயை இணைப்பார். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ரிலே தேய்ந்து, சொந்தக்காரரையே திருடனாக நடத்தத் தொடங்கும். மாமாவின் வண்டியில் அப்படி எதுவும் பொருத்தப்படவில்லை.

“வேற சாவி இருக்கா?” என்று கேட்டார் ஃபோர்மன். செலவில்லாத, மிக நம்பகமான சோதனை அதுதான். இரண்டாவது சாவியில் வண்டி கிளம்பினால் பழுது முதல் சாவியில் இருக்கிறது. இரண்டிலும் கிளம்பாவிட்டால் கம்பிச்சுருளையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கவேண்டும். ஆனால், மாமாவின் இரண்டாவது சாவி ஜொகூர் பாருவில் மகனிடம் இருந்தது.

“அப்படின்னா, நேத்து சாவியில ஏதாவது செஞ்சீங்களா?”

மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உறை உடைஞ்சிருந்தது. ராத்திரி புது உறை மாத்தினேன்,” என்றார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, உலோகப் பகுதியையும் பொத்தான் பலகையையும் கவனமாகப் புதிய உறைக்கு மாற்றியிருக்கிறார். கதவு திறந்து மூடுவதையும் சோதித்திருக்கிறார். பழைய உறையின் ஓரக் குழியில் ஒட்டியிருந்த சில்லு அவர் கண்ணில் படவில்லை.

பழைய உறை எங்கே? குப்பைத் தொட்டியில். குப்பை வண்டி அன்று காலை வரும் நாள். நானும் மாமாவும் தொட்டியைக் கவிழ்த்தோம். தேயிலைச் சக்கைக்கும் மீன் செதிலுக்கும் நடுவில் அந்த உடைந்த உறை கிடைத்தது. உள்ளே கரிய கட்டி இருந்தது.

ஃபோர்மன் சொன்னபடி, பழைய உறையைச் சாவித் துவாரத்தின் ஓரமாக ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். மாமா புதிய சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைந்தது. இயந்திரம் பற்றிக்கொண்டது, அணையவில்லை. உறையை எடுத்துவிட்டேன். அப்போதும் ஓடியது. அந்த வண்டியில் அடையாளக் கேள்வி தொடக்கத்தில் மட்டும்தான்.

சில்லு தொலைந்திருந்தால் வேலை பெரிது. புதிய சில்லை வாங்கி, டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள பதினாறு முனைச் செருகியில் கருவியை இணைத்து, வண்டியின் கணினியில் பதிவுசெய்யவேண்டும். வண்டி உங்களுடையதுதான் என்பதற்கு நேர்மையான பட்டறைக்காரர் வாகன உரிமைச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கேட்பார். அது நம்மைச் சந்தேகிப்பது ஆகாது; கேட்காதவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். முடக்கியையே துண்டித்துவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. அப்படிச் செய்தால் 1985ஆம் ஆண்டின் சாவிக்கே நாம் திரும்பிப்போகிறோம்.

மாமா சில்லைத் துடைத்துப் புதிய உறைக்குள் வைத்து மூடினார். இருபது முறையாவது இயந்திரத்தை நிறுத்தி நிறுத்திக் கிளப்பிப் பார்த்திருப்பார். பதினொரு மணிக்கு அத்தையை அழைத்துவர நாங்கள் அதே வண்டியில் ஜாசினுக்குப் புறப்பட்டோம். வழியிலேயே மாமா மகனை அழைத்து, அடுத்த முறை வரும்போது அந்த இன்னொரு சாவியைக் கொண்டுவரச் சொன்னார்.