கொங்கு நாட்டில் பழங்காசு தேடல்

பழங்காசு தேடல் என்பது மண்ணில் தவறி விழுந்தோ புதைக்கப்பட்டோ கிடக்கும் பழைய நாணயங்களைக் கண்ணால் பார்த்தும், மணலைச் சலித்தும், மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோக உணரியைக் கொண்டும் கண்டெடுப்பதாகும். மேலை நாடுகளில் பூங்காக்களிலும் வயல்களிலும் உணரியுடன் தேடுவது ஒரு பொழுதுபோக்காக உள்ளது. கொங்கு நாட்டில் இத்தேடலுக்குப் பெயர்பெற்ற இடம் கரூர் அமராவதி ஆற்றுப்படுகையாகும். பலமுறை தேடப்பட்ட இடத்திலும் காசுகள் மீதமிருக்கும் என்பதை அப்படுகை காட்டுகிறது. கிடைத்த இடம் தெரியாத காசு தன் சான்று மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும் என்பதையும் அது காட்டுகிறது.

கொங்கில் காசுகள் கிடைப்பதற்கான காரணம்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையிலிருந்து சோழநாடு நோக்கிச் சென்ற பெருவழி கொங்கு நாட்டின் ஊடே சென்றது. காங்கயம் அருகிலுள்ள படியூர்ப் பகுதியில் பச்சைக்கல் கிடைத்தது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மணிகள் செய்யப்பட்டதை அகழாய்வுகள் உறுதிசெய்துள்ளன. இவ்வணிகத்தின் தடயமாகக் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் உரோமானியக் காசுக் குவியல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கிடைத்தன. அவிநாசிக்குக் கிழக்கே, ஊத்துக்குளி வட்டத்துக் கத்தாங்கண்ணியில் 1913-இல் 233 உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன.

பிற்காலக் காசுகளும் இப்பகுதியில் உண்டு. கோயம்புத்தூர்ப் பகுதி 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தமையால் திப்பு சுல்தானின் யானை உருவம் பொறித்த செப்புக் காசுகள் இங்குப் புழங்கின. அவற்றுக்குப் பின் கும்பினிக் காசுகளும், 1943 முதல் 1947 வரை அச்சிடப்பட்ட ஓட்டைக் காலணாவும் வந்தன. சந்தைத் திடல், தேர் வீதி, வண்டிப்பேட்டை, ஆற்றுத்துறை போன்று மக்கள் கூடிய இடங்களே காசுகள் தவறி விழுந்த இடங்கள்.

அமராவதி ஆற்றுப்படுகை

கரூரில் ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்கும் வழக்கம் இருந்தது. சங்ககாலச் சேரர் காசுகளும், பிற்கால உரோமானியரின் சிறு செப்புக் காசுகளும், கிரேக்கக் காசுகளும் இவ்வாறு கிடைத்தன. அரசனின் தலையுருவத்துடன் 'மாக்கோதை' எனத் தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த வெள்ளிக் காசு இவற்றுள் புகழ்பெற்றது. நாணயவியல் அறிஞரும் தினமலர் ஆசிரியருமான இரா. கிருஷ்ணமூர்த்தி இக்காசுகளைத் தொகுத்து ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டார்.

குடத்தில் புதைத்த வெள்ளியும் பொன்னும் செல்வர்களின் சேமிப்பு. ஆற்று மணலில் கிடைக்கும் தேய்ந்த செப்புக் காசு அன்றாடச் சில்லறை. உப்புக்கும் நெல்லுக்கும் கைமாறிய காசைப் பற்றி அறிய இத்தகைய சிறு காசுகளே துணைபுரிகின்றன.

தேடிய இடத்தில் காசு மீதமிருப்பது ஏன்?

ஆற்றில் ஒவ்வொரு வெள்ளமும் மணலைப் புரட்டி அடியில் கிடந்ததை மேலே கொண்டுவரும். பூங்கா, திடல் போன்ற நிலங்களில் காரணம் வேறு. உலோக உணரியின் சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றுகிறது. அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது. சாதாரணக் கருவி ஒரு காசை ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரையே காணும். அதற்குக் கீழே கிடப்பவை தப்பிவிடுகின்றன.

இரும்பு ஆணியின் அருகே கிடக்கும் காசின் ஒலி ஆணியின் ஒலியில் மறைந்துவிடும். குத்துவாக்கில் நிற்கும் காசு சுருளுக்குக் குறைந்த பரப்பையே காட்டும். குப்பைத் தகடுகளை ஒதுக்குமாறு கருவியை அமைத்தால் சில சிறு காசுகளும் சேர்ந்தே ஒதுங்கும். எனவே நன்கு தேடப்பட்ட நிலத்தில் சிறிய சுருளைப் பொருத்தி, மெதுவாக அசைத்து, முதலில் கிழக்கு மேற்காகவும் பின்னர் தெற்கு வடக்காகவும் நடப்பர். மழைக்குப்பின் ஈர மண்ணில் ஒலி தெளிவாகக் கேட்பதுண்டு.

கிடைத்த இடத்தின் மதிப்பு

புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் 501 உரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டு இருந்தது. அவற்றுள் கடைசிக் காசு வெசுபாசியன் காலத்தது என்பதால் குவியல் அதற்கு முன்னர் புதைக்கப்பட்டிருக்க முடியாது என அறிய முடிந்தது. அவை தனித்தனியே விற்கப்பட்டிருந்தால் இவ்விரு செய்திகளும் மறைந்திருக்கும்.

சேரர் தலைநகரான வஞ்சி கரூரே என்னும் கருத்துக்கு ஆற்றில் கிடைத்த காசுகள் வலுச்சேர்த்தன. ஆயினும் வணிகர் கைமாறி வந்த காசு எந்தத் துறையில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதற்கு விடையில்லை. பிரித்தானியாவில் 1997-இல் தொடங்கிய தன்னார்வப் பதிவுத் திட்டத்தில், தேடுவோர் கண்டெடுத்த பொருள்கள் இடக்குறிப்புடன் 10 லட்சத்துக்கு மேல் பதிவாகியுள்ளன.

சட்டம்

1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தமக்குரிய பங்கை இழப்பார். ஓராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். உரிமையாளர் இல்லை எனத் தீர்மானமானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நில உரிமையாளருக்கு ஒரு பங்கும் சேரும். பொருளின் உலோக மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுத்து அரசே அதைப் பெற்றுக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது.

பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

காசு கிடைத்தால் செய்ய வேண்டியவை

பித்தளைப் பாத்திரம் போலப் புளியோ சாம்பலோ இட்டுத் தேய்க்கக் கூடாது. செப்புக் காசின் பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். மேலும் தோண்டாமல் ஊர், புல எண், ஆழம், உடன் கிடைத்த பானை ஓடு ஆகியவற்றைக் குறித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். காசைத் தனித் தாள் உறையில் இட்டு, கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாக ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்கலாம். நகைக்கடையில் உருக்கிய காசுக்கு உலோகத்தின் விலை மட்டுமே கிடைக்கும். இடம் குறித்து ஒப்படைத்த காசு ஓர் ஊரின் வரலாற்றுக்குச் சான்றாகும்.