டீசலுக்குக் குளிர் கண்டால்

மார்கழி பிறந்ததும் நம் விடுதி அறைகளில் முதலில் உறைவது தேங்காயெண்ணெய்ப் புட்டிதான். வெந்நீரில் அதை மிதக்கவிட்டு, நாலு சொட்டுக்காகக் காத்து நிற்காத தமிழ் மாணவர் இங்கு யாரும் இருக்கமாட்டார். தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே இறுகத் தொடங்கும். வடநாட்டுக் குளிருக்கு அது எம்மாத்திரம்! ஆனால் இதே கதி ஒரு லாரியின் டீசலுக்கு நேர்ந்ததைக் கண்டபோது, ரசாயனம் படிக்கும் நான் பதில் தெரியாமல் விழித்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

2024 டிசம்பர் கடைசி வாரம். நண்பர்கள் நால்வர் காஷ்மீரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கடும் பனி பெய்து ஜம்மு நெடுஞ்சாலை அடைபட்டுவிடவே, எங்கள் வண்டி காஜிகுண்டில் நின்றுவிட்டது. மறுநாள் காலை, சாலையோரம் நின்ற லாரிகளுள் ஒன்றின் எண் டி.என். 28 என்று தொடங்கக் கண்டோம். நாமக்கல் வண்டி! ஓடிப் போனோம். அங்கே கிளீனர்ப் பையன் டீசலில் நனைத்த துணியைத் தகர டப்பாவில் கொளுத்தி, டேங்குக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி நிறுத்தினதுங்க தம்பி. காலையில எடுத்தா ரெண்டு இருமல் இருமிட்டு நின்னுபோச்சு" என்றார் டிரைவர். நான் ரசாயனம் எம்.எஸ்ஸி. என்பதை நண்பன் சும்மா இராமல் சொல்லிவைத்தான். "அப்படீங்களா! தண்ணி உறையும், சரி. டீசல் எப்படீங்க உறையும்?" என்று கேட்டார். நான் ஏதோ மழுப்பினேன்.

அடுத்த லாரியிலிருந்து வயதான சர்தார்ஜி ஒருவர் இறங்கி வந்தார். எரியும் டப்பாவைக் காலால் எற்றித் தள்ளினார். டீக்கடையிலிருந்து வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, டீசல் வடிகட்டியின்மேல் துணியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அரை மணியில் வண்டி உறுமிற்று. அவர் செய்தது ஏன் சரி என்பது, ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டிய பிறகே எனக்கு விளங்கிற்று.

டீசல் ஒரே பொருளன்று. பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் கரியணுக்கள் கிளையில்லாமல் நேர்வரிசையாகக் கோத்துக்கொண்டவையும் உண்டு. மெழுகுவத்தியின் மெழுகும் இதே குடும்பந்தான், சங்கிலி இன்னும் நீளம். பதினாறு கரியணு கொண்ட சீட்டேன் தனியாக இருந்தால் 18 டிகிரியிலேயே உறைந்துவிடும். இருபது கரியணு கொண்டதோ சுமார் 37 டிகிரியில்! மற்றவற்றோடு கரைந்திருப்பதால்தான் இவை டீசலில் திரவமாக இருக்கின்றன. குளிர் ஏற ஏறக் கரையும் அளவு குறைகிறது, மெழுகு பிரிகிறது.

அப்படியானால் மெழுகை அடியோடு நீக்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் சங்கடம். டீசல் எவ்வளவு எளிதில் பற்றுகிறது என்பதை அளக்கும் சீட்டேன் எண்ணில், சீட்டேனுக்கு மதிப்பு 100. அதே பதினாறு கரியணுக்கள் கிளைவிட்டு நிற்கும் ஐஸோசீட்டேனுக்கு 15தான். எது நன்றாகப் பற்றுமோ அதுவே முதலில் உறைகிறது!

குளிரும்போது டீசல் முதலில் கலங்கும். கண்ணுக்குத் தெரியும் இந்த மூட்டம் மெழுகுப் படிகங்களால் ஆனது. அவை அகன்ற மெல்லிய தகடுகள். கலியாண வீட்டு எச்சில் இலைகள் சாக்கடை வாயை அடைப்பதுபோல, இத்தகடுகள் வடிகட்டியை அடைத்துவிடுகின்றன. இன்னும் குளிர்ந்தால் தகடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மிச்சமிருக்கும் திரவத்தையும் சிறைப்படுத்திவிடும். நூற்றுக்கு ஓரிரண்டு பங்கு மெழுகு பிரிந்தாலே டேங்க் முழுதும் கூழாகிவிடும். ஆனால் வண்டி நிற்பது பெரும்பாலும் அதற்கு வெகு முன்னரே, வடிகட்டி அடைபடும்போதே. நாமக்கல் பையன் நெருப்பு வைத்தது தவறான இடத்தில்!

தவறு மட்டுமா? நம் நாட்டு டீசலின் ஆவி தீப்பற்றும் நிலை 35 டிகிரிக்குக் குறையலாகாது என்பதே விதி. கொழுந்துவிட்டெரியும் துணி டேங்கின் தகட்டை 35 டிகிரிக்கு மேல் கொண்டுபோக எத்தனை நிமிஷம் வேண்டும்?

வடிகட்டி அடைபடும் உஷ்ணநிலைக்கும் நம் பிஎஸ்-6 தரவிதி எல்லை வகுத்திருக்கிறது: கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி; அதற்கு மேல் போகக்கூடாது. சமவெளிக்கு இது போதும். சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு பூஜ்யத்துக்குக் கீழே போகிறவருக்குப் போதாது.

பழைய நாள் கைவைத்தியம் மண்ணெண்ணெய் கலப்பது. அதன் மூலக்கூறுகள் குட்டையானவை, மெழுகைக் கரைத்துவைக்கும். ஆனால் இன்றைய பம்புகளுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய் அந்த வழவழப்பைக் கெடுத்துத் தேய்மானத்தை உண்டாக்கும். நம் நாட்டில் அது சட்ட விரோதமுங்கூட. பெட்ரோல் கலக்கும் சிலரும் உண்டு. அது வினையை விலைக்கு வாங்குவது.

எத்திலீன்-வினைல் அசிட்டேட் போன்ற கலப்பு மருந்துகள் வேறு விதமாக வேலை செய்கின்றன. அவை மெழுகு பிரிவதைத் தடுப்பதில்லை. படிகத்தோடு தாமும் ஒட்டி, அது அகன்ற தகடாகாமல் பொடி ஊசிகளாகவே நின்றுவிடச் செய்கின்றன. பொடிகளுக்கிடையே டீசல் புகுந்து போய்விடும். ஆனால் தகடு உண்டான பின் மருந்து ஊற்றிப் பயனில்லை. டீசல் தெளிவாக, சூடாக இருக்கும்போதே கலக்கவேண்டும். அதாவது மலையேறும் முன்பே. டேங்கை நிரப்பி வைப்பதும் நல்லது. காலி இடத்தில் ஈரம் படிந்து நீராகி, அந்த நீர் வடிகட்டியில் பனிக்கட்டியாகும். அடைப்பு என்னவோ ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் மேலானது சுத்திகரிப்பு ஆலையிலேயே கோளாறைத் தீர்ப்பது. லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் நிறுவனம் பானிப்பட் ஆலையில் தயாரித்த குளிர்கால டீசல் 2019 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை அது பாயும். லடாக், கார்கில் பக்கத்து டிரைவர்களுக்கு அது எத்தகைய வரம் என்பது, காஜிகுண்டில் ஒரு காலை நின்றவனுக்குத் தெரியும்.

சென்ற மாதம் நாமக்கல் அண்ணனுக்குப் போன் செய்து, கடன்பட்டிருந்த பதிலைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஜம்மு தாண்டறதுக்கு முன்னாலேயே ஊத்தணும்னு சொல்றீங்க. சரிங்க தம்பி. இப்பல்லாம் வண்டியில பில்டர் ஒண்ணு கூடுதலா வெச்சிருக்கேனுங்க, பெரிய பிளாஸ்க்கும் ஒண்ணு. பையன் இப்ப நெருப்பு வெக்கறதில்லீங்க" என்றார்.