பாலித் தீவின் நீர்க்கோயில்கள்

இந்து சமயம் இன்றும் நிலவும் பாலித் தீவிலே, ஒரே வாய்க்கால்நீரைப் பகிரும் உழவர் கூட்டம் ‘சுபக்’ எனப்படும். விதைப்புக் காலத்தையும் நீர்முறையையும் நீர்க்கோயில்களிற் கூடி வகுப்பதே இவர்தம் மரபு. 1970களில் பசுமைப் புரட்சியை நடாத்திய அதிகாரிகள் இதனை விடுத்து, இடையறாது நெல் விதைக்கத் தூண்டினர். விளைவு யாது? நீர் தட்டுப்பட்டது, கபில நிறத் தத்திகள் பெருகின.

காரணத்தை அமெரிக்க மானிடவியலறிஞர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலறிஞர் ஜேம்ஸ் கிரேமருடன் கணினிவழி ஆராய்ந்து தெளிவாக்கினார். அயல்வயல்கள் ஒருங்கே ஓய்ந்திருப்பின் பூச்சிகள் உணவின்றி மடியும். ஆயின் யாவரும் ஒருங்கே விதைப்பின் நீர் போதாது. இவ்விரண்டையும் சமன்செய்வதே கோயில்முறையாகும். 2012இல் யுனெஸ்கோ சுபக் நிலப்பரப்பை உலக மரபுரிமையாக ஏற்றது.

வளர்ச்சியியல் கற்கத் தீவுநாடுகளுக்குச் செல்லும் மாணாக்கர்க்கு இது முதற்பாடம்: மரபின் பயனை ஆராயுமுன் அதனை அகற்றலாகாது.