மல்யுத்தம் ஊட்டியில், புள்ளி யாருக்கு?

ஊட்டி அரசு கலைக் கல்லூரி தெரியும்தானே? சல்லிவன் துரை கட்டிய கல் பங்களா இருக்கிற அதே வளாகம். அங்கே படிக்கிற ஒரு தம்பி அகில இந்தியப் பல்கலைக்கழக மல்யுத்தத்தில் பதக்கம் வாங்கினால், அந்தப் பெருமை யார் கணக்கில் ஏறும்?

ஊட்டிக் கல்லூரியின் கணக்கில் இல்லைங்க, கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கணக்கில்! கல்லூரி அணிகளுக்கு இடையே மோதி ஜெயித்தவர்கள்தான் பல்கலைக்கழக அணிக்குப் போகிறார்கள். அகில இந்தியப் போட்டியில் ஒவ்வொரு எடைப் பிரிவிலும் தனித்தனியாகத்தான் சண்டை. ஆனால் வாங்குகிற பதக்கமெல்லாம் அணிக்குப் புள்ளியாகச் சேரும். வெண்கலத்தைக்கூட லேசாக நினைக்க முடியாது.

இப்படிப் பல விளையாட்டுகளிலும் சேர்ந்த புள்ளிகளைக் கூட்டி, முதலிடம் பிடிக்கிற பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பதுதான் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. 1956-57இல் தொடங்கியது. தேசிய விளையாட்டு விருதுகளோடு சேர்த்து, குடியரசுத் தலைவர் கையால் வாங்குகிற கோப்பை!

அதை அதிகமுறை தூக்கியது யார் தெரியுமா? அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம். பஞ்சாப்காரர்களுக்கு மல்யுத்தம் ஊரோடு வந்தது, நமக்குக் கொஞ்சம் பொறாமைதான்! சரி, அடுத்து ஒரு பாட்டு கேட்போமா?